உற்பத்தியிலிருந்து பிரிந்த கடைசல் கல்வி: ஜி.டி. நாயுடுவை முன்வைத்துப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உலோகத்தைக் கடைந்து உருவாக்கும் தொழிலைக் கற்பித்தலும் அத்தொழிலின் செய்முறையை மேம்படுத்துதலும் ஒரே பட்டறையில் பிறந்தவை. சென்னை மாகாணத்தில் உற்பத்தியையும் கல்வியையும் பிரித்து நிறுத்தியதில் அரசின் கொள்கைக்குப் பெரும்பங்கு உண்டு. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பி.எஸ்.ஜி. அறநிலையத்தாரும் இப்பிரிவுக்கு இருவேறு விடைகளைக் கண்டனர். விடுதலைக்குப் பின் பரவிய தொழிற்பயிற்சி நிலையங்கள் குறுகிய காலப் பயிற்சியை ஏற்றன. உற்பத்தியைத் தம் சுவர்களுக்குள் ஏற்கவில்லை. உலோகப் பட்டறைகள் செறிந்திராத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இவ்வரலாறு எத்தகைய சிக்கலாக எஞ்சியுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடைசல், செய்முறை மேம்பாடு, ஜி.டி. நாயுடு, தொழிற்பயிற்சி நிலையம், சிமென்ட் ஆலை, பெரம்பலூர், அரியலூர்.

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தகைய மரபுப் பட்டறைகளில் தொழில் பழக வருபவர் பொதுவாக உளி தீட்டுதல், மரத்தைக் கரடாகக் கொத்தி ஒதுக்குதல் ஆகியவற்றில் தொடங்கி, விற்பனைக்குப் போகும் பொருளிலேயே படிப்படியாகக் கை பழகுகிறார். அங்கே கற்றல் வேறு, ஆக்கம் வேறு அன்று. அதே மாவட்டத்தில் ஓர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் பிரிவில் சேரும் மாணவர் மென்னெஃகுத் தண்டு ஒன்றை லேத்தில் பொருத்திப் படிக்கடைசல், சரிவுக்கடைசல், மரையிடல் என வரிசைப்படி பயிற்சி செய்கிறார். பயிற்றுநர் அளந்து பார்த்து மதிப்பெண் இடுகிறார். பின்னர் அத்துண்டு கழிவு இரும்போடு சேர்கிறது.

இவ்விரண்டு காட்சிகளையும் 'மரபு', 'நவீனம்' என்று பெயரிட்டுக் கடந்துவிடுவது எளிது. தொழிற்கல்வி குறித்த தமிழ்க் கட்டுரைகள் பலவும் அவ்வாறே செய்கின்றன. ஆனால் கற்போர் ஆக்கும் பொருளுக்குச் சந்தையில் இடம் இருக்கலாகாது என்பது நவீனத் தொழிற்கல்வியின் இயல்பான விதி அன்று. அது குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட நலன்களின் மோதலில் உருவான ஏற்பாடு. அதன் வரலாற்றைக் கோயம்புத்தூர் வழியாகப் பின்தொடர்ந்து, மீண்டும் பெரம்பலூர், அரியலூர் நிலப்பகுதிக்கு வருவது இக்கட்டுரையின் போக்கு. கோயம்புத்தூரை இடையில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. செய்முறை மேம்பாட்டையும் கடைசல் கல்வியையும் தம் வாழ்நாள் பணியாக ஒருங்கே மேற்கொண்ட தமிழக ஆளுமைகளுள் முதன்மையானவர் அங்கு வாழ்ந்த ஜி.டி. நாயுடு.

1910: ஒரு கோடு கிழிக்கப்பட்ட ஆண்டு

நாயுடுவுக்கு ஒரு தலைமுறை முன்னதாகச் சென்னையில் இத்தகைய முயற்சியொன்று நடந்து முறிந்தது. 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் பிரிவைத் தொடங்கினார். அது கல்விப் பிரிவாகவும் வணிகப் பிரிவாகவும் ஒருங்கே இயங்கியது. பாத்திரங்கள் விற்றன; வேலை செய்தவர்கள் தொழில் கற்றனர். 1903இல் அத்தொழில் தனியார் நிறுவனமொன்றுக்குக் கைமாற்றப்பட்டது. பின்னர் அவர் குரோம் தோல் பதனிடலிலும், எண்ணெய் எஞ்சினால் நீர் இறைக்கும் முறையிலும் கவனம் செலுத்தினார். ஆய்வு, உற்பத்தி, பயிற்சி மூன்றும் அவரிடத்தில் ஒரே செயலின் மூன்று முகங்கள்.

ஐரோப்பிய வணிகர்கள் இதனை விரும்பவில்லை. அரசு பணம் செலவிட்டுத் தனியாருக்குப் போட்டியாக நிற்பதாகக் குறை கூறினர். இந்தியச் செயலர் மார்லி 1910இல் விடுத்த ஆணை அவர்கள் பக்கம் சாய்ந்தது. தொழில்நுட்பக் கல்விக்கும் புதிய முறைகளை மக்களுக்கு அறிமுகப்படுத்துவதற்கும் அரசு செலவிடலாம். வணிக நோக்கில் தொழில் நடத்தலாகாது என்பது அதன் சாரம். 1916 முதல் 1918 வரை இயங்கிய இந்தியத் தொழில் ஆணையம், சாட்டர்டனையும் உறுப்பினராகக் கொண்டது, அரசு தொழில்துறையில் முனைப்பான பங்கேற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது உண்மையே. ஆயினும் கற்பிப்பது அரசின் வேலை, ஆக்குவது பிறர் வேலை என்று 1910இல் கிழிக்கப்பட்ட கோடு நிர்வாகத்தின் மனப்பழக்கமாக ஊறிவிட்டது. ஆட்சி மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

இரண்டாவது துண்டு

இக்கோட்டுக்குக் கல்வியியல் நியாயம் கற்பிக்கும் கருத்து ஒன்று அதற்கு முன்னரே உலகில் இருந்தது. மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா வோஸ் 1868இல் புதிய முறையொன்றைக் கொண்டுவந்தார். பட்டறைத் தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடியதற்குச் செல்லும் பயிற்சித் துண்டுகளாக அவர் வரிசைப்படுத்தினார். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கப்பட்ட அத்துண்டுகளைக் கண்ட அமெரிக்கக் கல்வியாளர்கள் அம்முறையைத் தழுவினர். அதே அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி, மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து விற்பனைப் பொருள் செய்யும் வாஷ்பர்ன் பட்டறையை நடத்திவந்தது. பயிற்சித் துண்டா, விற்பனைப் பொருளா என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

டெல்லா வோஸின் முறைக்குத் தெளிவான நன்மை உண்டு. ஒரே நேரத்தில் பலருக்குக் கற்பிக்கலாம். ஒருவர் எங்கே பிழை செய்கிறார் என்று கண்டறியலாம். ஆனால் செய்முறை மேம்பாடு என்னும் அறிவை அதனால் தர இயலாது. ஒரே ஒரு துண்டைக் கடைபவருக்கு அளவு மட்டுமே சிக்கல். அதே அளவில் இரண்டாவது துண்டைக் கடைய வேண்டும் என்ற நிலை வந்த உடனே வேறு வினாக்கள் எழுகின்றன. முதல் துண்டில் வெட்டுக்கருவி எவ்வளவு தேய்ந்தது? துண்டைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் போனது? சுழல்வேகத்தைக் கூட்டினால் கருவி தாங்குமா? நூறாவது துண்டும் முதல் துண்டும் பொருந்துமா? செய்முறை மேம்பாடு இரண்டாவது துண்டில்தான் தொடங்குகிறது.

பிரடெரிக் டெய்லரின் வரலாறு இதற்குச் சான்று. மேலாண்மை நூல்களில் கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் தோன்றும் அவர், அடிப்படையில் பட்டறையில் தொழில் பழகிய கடைசலர். உலோக வெட்டு குறித்து 26 ஆண்டுகள் சோதனை செய்து, 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். ஒரு துண்டை எவ்வேகத்தில் வெட்டுவது என்ற எளிய வினாவுக்குள் 12 காரணிகள் பின்னிக் கிடப்பதை அவர் காட்டினார். அவ்வினாவைத் தேடிய வழியில்தான் மான்செல் வைட்டுடன் சேர்ந்து அதிவேக எஃகுக் கருவியைச் செம்மைப்படுத்தினார். தொழிலாளரின் அறிவை மேலாளரின் அட்டவணைக்குள் பறித்துக்கொண்டவர் என்ற கண்டனம் அவர்மீது உண்டு. அது பொருளுள்ள கண்டனமே. எனினும் செய்முறை குறித்த அறிவு பட்டறைக்கு வெளியே பிறக்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

கழற்றிப் பார்த்த கை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். முறையான பள்ளிக்கல்வி அவருக்கு மிகக் குறைவு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதனை வாங்குவதற்காகக் கோவை உணவு விடுதியொன்றில் வேலை செய்து பணம் சேர்த்தார் என்பதும், வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி இத்தகைய வியப்புச் செய்திகளால் நிறைந்தது. சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவுப் பொறி என்று கண்டுபிடிப்புகளைப் பட்டியலிட்டு, அங்கீகரிக்கப்படாத மேதை என்று முடிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆய்வாளருக்கு அப்பட்டியலால் பயன் சிறிது. அவர் தம் தொழிலை எந்த வரிசையில் வளர்த்தார் என்பதே கவனத்திற்குரியது.

1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் போக்குவரத்துத் தொடங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பேருந்துத் தொழிலில் வண்டி ஓடாத நாள் இழப்பு நாள். உதிரிப் பாகங்கள் கப்பலில் வரவேண்டிய காலம் அது. பாகம் வரும்வரை காத்திருப்பவரின் வண்டி கொட்டகையில் நிற்கும். நாயுடுவுடன் தொடர்புடைய தொழிலகங்களின் பெயர்களை நோக்கினால் இக்காத்திருப்பை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பது புலப்படும்: ரேடியேட்டர் தொழிலகம், ஆர்மேச்சர் சுற்றும் தொழிலகம், டீசல் பொருள் தொழிலகம், பொறியியல் தொழிலகம். கடிகாரமும் வானொலியும் நீங்கலாக, இவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு பேருந்தைக் கழற்றி வைத்தது போலிருக்கும். பழுது பார்ப்பதிலிருந்து பாகம் செய்வதற்கும், பாகம் செய்வதிலிருந்து பொறி செய்வதற்கும் அவர் நகர்ந்தார் என்று கொள்வது பொருந்தும். 1937இல் பீளமேட்டில் அவருடைய தொழிலகத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் வடிவமைப்பில் மின் மோட்டார் உருவாயிற்று. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டாராக அது குறிக்கப்பெறுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

இங்கே சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1888 முதலே கோவையில் பஞ்சாலை இருந்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. ஆலைகளுக்கு உதிரிப் பாகங்களும் கிணறுகளுக்கு மின்மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. வார்ப்படம், கடைசல், மோட்டார் சுற்றல் ஆகிய சிறுபட்டறைகள் பெருகின. நாயுடுவைத் தனி மேதையாக நிறுத்துவோர் மறந்துவிடும் பக்கம் இது. அவருடைய பட்டறைக்கு இரண்டாவது துண்டையும் நூறாவது துண்டையும் கேட்கும் சந்தை அவரைச் சுற்றியே இருந்தது.

1945: நான்கா, இரண்டா

1944இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய நாயுடு, ஆய்வு உதவித்தொகை, தொழிலாளர் நலம், கல்வி ஆகியவற்றின்பால் திரும்பினார். 1945இல் அவருடைய நன்கொடையாலும் முயற்சியாலும் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், அதே பெயரிலான பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்றின. 1940 முதல் 1946 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. 'ஹோப் காலேஜ்' என்ற இடப்பெயராகக் கோவையில் அது இன்றும் வழங்குகிறது. கல்லூரி பின்னர்த் தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. இந்தியாவின் முதல் பாலிடெக்னிக் இதுவே என்று பல நூல்கள் கூறுகின்றன. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் 1939இலேயே தொடங்கப்பெற்றிருக்க, இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

நாயுடுவே கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார். பட்டம் பெறாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது வியப்பாகக் கருதப்படுகிறது. அதைவிட முக்கியமானது அவர் எழுப்பிய வழக்கு. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் நிலை. அரசு ஏற்கவில்லை. அவர் பதவி விலகினார்.

இதனைப் பொறுமையிழந்த செல்வரின் பிடிவாதம் என்று படிக்கலாம். முரட்டு மேதையின் தீர்க்கதரிசனம் என்றும் படிக்கலாம். இரண்டும் போதா. பேருந்து கொட்டகையில் நிற்கும் நேரத்தை எதிரியாகக் கண்டு தொழில் வளர்த்தவர் அவர். பாடத்திட்டத்தையும் அவர் அக்கண்ணாலேயே நோக்கினார் எனலாம். எந்தப் பாடம் எந்தச் செயலுக்கு முன் வரவேண்டும், எங்கே மாணவர் சும்மா காத்திருக்கிறார், எது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது என்பன செய்முறை மேம்பாட்டாளரின் இயல்பான வினாக்கள். கல்வியை உற்பத்தி வரிசையாக எண்ணும் இப்பார்வையில் ஆற்றலும் உண்டு, குறையும் உண்டு. லேத்தில் மைக்ரோமீட்டர் அளவுக்குக் கடையக் கற்பதற்கு இயந்திரத்தருகில் கழியும் இரண்டு ஆண்டுகள் தாராளம். வெப்ப இயக்கவியலும் கணிதமும் அவ்வாறு சுருங்குவனவல்ல. அவை மனத்தில் ஊறுவதற்குக் காலம் கேட்பவை. கைத்திறனாளரையும் வடிவமைப்புப் பொறியாளரையும் ஒரே அளவுகோலால் அளந்ததே நாயுடுவின் பிழை. அவரை மறுத்த அரசு செய்த பிழையும் அதன் மறுபுறமே. காலம் பற்றிய விவாதமாக மட்டும் அதனை எடுத்துக்கொண்டு, அக்காலத்தை எங்கே செலவிடுவது என்ற வினாவை அது விட்டுவிட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அமைக்கப்பெற்றதும் அதே 1945இல்தான். கல்விக்கால வரையறை இனி ஊருக்கு ஊர் முடிவு செய்யும் பொருளாக இராது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

பீளமேட்டின் விடை

நாயுடுவின் ஊரிலேயே மற்றொரு விடை அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர், குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை 1926இல் அறநிலையத்திற்கு ஒதுக்கினர். அவ்வாண்டே பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தோன்றியது. அது பம்பு, மோட்டார், லேத் முதலியவற்றைச் செய்து விற்கும் உண்மையான தொழிற்சாலை. அதனை அண்டியே பாலிடெக்னிக்கும், 1951இல் அதன் வளாகத்திலேயே பொறியியல் கல்லூரியும் எழுந்தன. கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன். தமிழகத்துக் கல்லூரிப் பட்டறைகளில் பி.எஸ்.ஜி. முத்திரை பெற்ற லேத்தில் கடைசல் பழகிய மாணவர் பலர். ஒரு கல்வி அறநிலையம் செய்த இயந்திரத்தில் பிற கல்லூரி மாணவர்கள் தொழில் கற்றது, சாட்டர்டன் கண்டிருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய நிகழ்வு.

நாயுடு காலத்தைக் குறைக்க முயன்றார். பி.எஸ்.ஜி. அறநிலையத்தார் காலத்தை விட்டுவிட்டுத் தொலைவைக் குறைத்தனர்; தொழிற்சாலைக்கும் வகுப்பறைக்கும் இடையே ஒரு முற்றமே மிஞ்சியது. அரசின் கோடு தனியார் அறநிலையத்தைத் தடுக்கவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

உற்பத்தியோடு இணைந்த கல்விக்கு எதிரான வாதம் அற்பமானதன்று. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த கைத்தொழிற் கல்வித் திட்டத்தில், மாணவர் செய்யும் பொருளின் விற்பனையால் ஆசிரியர் ஊதியத்தை ஈடுகட்டலாம் என்ற கருத்து இருந்தது. பள்ளி, குழந்தை உழைப்புக் கூடமாகிவிடும் என்று அப்போதே எச்சரித்தோர் உண்டு. தொழிற்சாலைக்குள் அமைந்த எந்தப் பயிற்சியிலும் கற்பவர் மலிவு உழைப்பாளியாகும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கிறது. பொருளின் கணக்கை யார் எழுதுகிறார், மாணவரை எந்த இயந்திரத்தில் எத்தனை நாள் நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தே அது கல்வியாகவோ சுரண்டலாகவோ அமையும்.

இரண்டு ஆண்டுகள் வந்தன, பட்டறை வரவில்லை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், இந்திய அரசு போர்த்தொழிலுக்கான கைத்திறனாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. போர் முடிந்ததும் அவ்வமைப்பு திரும்பிய படைவீரர்களின் மறுவாழ்வுக்குப் பயன்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் சுமார் 50 நிலையங்களுடன் உருவாயிற்று. 1956இல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு மாறியது. அவ்வாண்டே தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவும் அமைந்தது. இன்று டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் ஆகிய பிரிவுகளுக்குப் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். நாயுடு கேட்ட எண், பொறியாளருக்கு இல்லாவிடினும் கைத்திறனாளருக்கு, நாடு முழுவதற்கும் நடைமுறையாயிற்று.

ஆனால் நிலையத்திற்குள் கற்பித்தல் டெல்லா வோஸின் வழியிலேயே, தரப்படுத்திய பயிற்சித் துண்டுகளின் வரிசையாக அமைந்தது. தொழிற்சாலை அனுபவம் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் பொறுப்பாக ஒதுக்கப்பட்டது. மார்லியின் கோடு இவ்வாறு சட்டத்தின் இரு தலைப்புகளாக உருமாறி நின்றது. நிலையத்தில் கற்க வேண்டும். ஆலைக்குப் போய்ப் பழக வேண்டும். அருகில் ஆலை இருக்கும் ஊரில் இது குறையன்று. கோவையிலோ, 1965இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்த திருவெறும்பூரிலோ பயிலும் மாணவருக்குப் பட்டறை சுவருக்கு அப்பால்தான் இருந்தது.

செய்முறை மேம்பாடோ முற்றிலும் ஆலைக்குள் அடங்கிய அறிவாயிற்று. புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டின் தந்தையான வால்டர் ஷூவார்ட், மகலனோபிஸின் அழைப்பில் 1947–48இல் இந்தியா வந்தார். 1958இல் தேசிய உற்பத்தித்திறன் குழு அமைந்தது. 1998இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடுப்புக்கருவிப் பிரிவும், 2002இல் டி.வி.எஸ். மோட்டாரும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன. தமிழக ஆலைகள் உலகத் தரத்திற்குச் செய்முறையை உயர்த்த வல்லவை என்பதில் ஐயமில்லை. அவ்வறிவு பயிற்சி நிலையத்தின் பட்டறைக்குத் திரும்பி வந்த வழியோ மிகக் குறுகியது.

சுண்ணாம்புக்கல் நிலத்தில் லேத்

பெரம்பலூர் மாவட்டம் 1995 நவம்பர் 1இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு எல்லை மாறி மாறி வரையப்பட்ட நிலத்தின் தொழில்வரலாற்றைத் தீர்மானித்தது அதன் பாறை. கிரெட்டேசியக் காலக் கடல்படிவுகளான உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் படிவத் தொகுதிகளை எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1860களில் வரைபடமாக்கினார். அச்சுண்ணாம்புக்கல்லே சிமென்ட் ஆலைகளை ஈர்த்தது. 1939இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை தொடங்கியது. அவ்வூர்ப் பெயருக்காக 1953இல் நடந்த போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. 1979இல் தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் ஆலை, ஆண்டுக்கு 5 இலட்சம் டன் திறனுடன், உலர்முறையில் அரியலூரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் ஆலத்தியூர், தளவாய், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் எனத் தனியார் ஆலைகள் சூழ்ந்தன. மேற்கே பெரம்பலூர் மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் நிலமாகவே பெரிதும் தொடர்கிறது; எறையூர்ச் சர்க்கரை ஆலையும் நாரணமங்கலத்து டயர் ஆலையும் அங்குள்ள பெருந்தொழில்கள்.

சிமென்ட், சர்க்கரை, டயர் ஆகிய மூன்றும் பெருமளவில் ஓட்டத் தொழில்கள். மூலப்பொருள் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளிவரும். அவற்றின் செய்முறை மேம்பாடு வெப்பம், அரைப்பு, கலவை ஆகியவற்றில் நிகழ்வது. ஈரமுறையில் சேற்றுக்குழம்பிலுள்ள நீரை ஆவியாக்க எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். உலர்முறை அச்செலவைப் பெரிதும் தவிர்த்தது. இம்மாற்றத்தில் கடைசலருக்கு நேரடிப் பங்கில்லை. அவருடைய லேத் ஆலையின் ஓர் ஓரத்தில், பராமரிப்புப் பணிமனையில் நிற்கிறது. ஆலை விற்பது சிமென்ட். தண்டும் புஷ்ஷும் அதற்கு இடையூறாகத் தேய்ந்துகொண்டிருப்பவை.

கோவையோடு ஒப்பிட்டால் அடிப்படை வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. கோவையின் பட்டறை ஒரே அளவிலான பம்புத் தண்டை நூற்றுக்கணக்கில் கடைகிறது. அரியலூரின் பணிமனையில் இன்று ஊர்திப்பட்டையின் உருளைத் தண்டு, நாளை பம்பின் உறை, மறுநாள் விசிறியின் புஷ் என்று வேலை வருகிறது. பழுது பார்க்கும் பட்டறையில் ஏறத்தாழ எல்லாமே முதல் துண்டு. தொழில் பழகுநராக அங்கே செல்லும் இளைஞருக்கு இரண்டாவது துண்டு தரும் கல்வி அரிதாகவே வாய்க்கும். 2016இல் அறிமுகமான இருமைப் பயிற்சி முறை நிலையத்தையும் ஆலையையும் இணைக்க முனைகிறது. 2023 முதல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு நிலையங்களைக் கணினிவழி இயங்கும் பொறிகளுடன் புதுப்பித்துவருகிறது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் எண்ணிக்கையில் பாகம் கேட்கும் சந்தை அருகில் இல்லாத ஊரில், எத்துணை விலையுயர்ந்த பொறியும் பயிற்சித் துண்டையே கடைந்துகொண்டிருக்கும். மானாவாரி உழவர் வீட்டுப் பிள்ளை சான்றிதழ் பெற்றவுடன் கோவைக்கோ ஒசூருக்கோ திருப்பெரும்புதூருக்கோ பேருந்து ஏறுவதில் வியப்பில்லை.

எனினும் பராமரிப்புப் பணிமனையைக் குறைவாக மதிப்பிடுவது தவறு. சுழலுலையின் உள்ளே கிளிங்கர் உருவாக ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலை திடீரென நின்றால் வெப்பம் வீணாகும். உட்பூச்சுச் செங்கல் குளிர்ந்து விரிசல் காணும். அந்நேரத்தில் ஒரு தண்டைக் கடைபவருக்கு அளவு மட்டுமன்று, நேரமும் உண்மையானது. பயிற்சி நிலையத்தின் எந்தத் தேர்விலும் அது கிடைக்காது. மேலும் தேய்ந்த தண்டு ஒரு கேள்வியோடு வருகிறது. ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது? தூசி புகுந்ததா, தண்டு நேர்க்கோட்டில் இல்லையா, எண்ணெய் சேரவில்லையா? அதே பாகம் எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது? திரும்ப வரும் அப்பாகமே இந்நிலத்தின் இரண்டாவது துண்டு. அது அடுத்த நிமிடத்தில் வராமல் ஆறு மாதம் கழித்து வருகிறது. எழுதி வைத்தவருக்கு மட்டுமே அது இரண்டாவது என்று தெரியும். நாயுடுவின் தொழிலும் பழுதான பேருந்தில் தொடங்கியதுதான்.

இக்கோணத்தில் நோக்கினால், சிமென்ட் ஆலைப் பணிமனைகளின் வேலைச்சீட்டுகளும் உதிரிப்பாகப் பதிவேடுகளும் கணக்குத் துறையின் பழைய தாள்களாக மட்டும் கருதப்படத் தக்கனவல்ல. எந்தப் பாகம், எந்த நாள், எந்த இயந்திரத்திலிருந்து, எவ்வளவு தேய்ந்து வந்தது, யார் கடைந்தார், அது எத்தனை நாள் உழைத்தது என்ற குறிப்புகள் பல ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகளுக்கும் தொகுக்கப்பட்டால், பெரம்பலூர், அரியலூர்ப் பயிற்சி நிலையங்களுக்கு இந்நிலத்துக்கே உரிய பாடவரிசை ஒன்று அதிலிருந்து கிடைக்கும். மென்னெஃகுத் தண்டில் படிக்கடைசல் பழகும் மாணவர், அரியலூர் ஆலையொன்றில் உண்மையில் தேய்ந்த உருளைத் தண்டின் அளவுக்கே அதனைப் பழகலாம். அத்தண்டு ஆலைக்குப் போய் எத்தனை மாதம் ஓடியது என்பதை அடுத்த ஆண்டு மாணவர் பதிவேட்டில் பார்க்கலாம்.